கயிற்றைக் கையில் சுற்றக் கூடாது

1

இந்த வருஷமும் அந்தச் சிறு புத்தகம் தபாலில் வந்துவிட்டது. மஞ்சள் அட்டை, உள்ளே சில பக்கங்கள். ஆஸ்திரேலியாவில் நாங்கள் குடியிருக்கும் இந்தச் சின்ன ஊரில், கோடை தொடங்குவதற்கு முன்னால் தீயணைப்புக்காரர்கள் வீடு வீடாக அனுப்புவது. குதிரை வைத்திருப்பவர்களுக்கென்று தனியாக ஒன்று உண்டு. காட்டுத் தீ வந்தால் குதிரையை எப்படிப் பத்திரமாக வெளியேற்றுவது என்று அதில் எழுதியிருக்கும்.

தபால் பெட்டியைத் திறந்து அதைப் பார்த்ததும் எனக்கு ஞாபகம் வந்தது தீ இல்லை, தண்ணீர். போன வருஷம் இதே நாட்களில் சித்தையன்கோட்டைக்குப் பக்கத்தில் என் தம்பி முருகேசன் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தான். நான் இங்கே வெயிலில், கையில் போனைப் பிடித்துக்கொண்டு, ஒன்றுக்கும் உதவாமல் நின்றேன்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். எனக்குக் குதிரை என்றால் பயம். சின்ன வயதில் திண்டுக்கல் பஸ் நிலையத்துக்கு வெளியே ஒரு குதிரை என் சட்டைக் காலரைக் கவ்வித் தூக்கியது. அன்றைக்கு ஓடிய ஓட்டம் இன்னும் நிற்கவில்லை. பால் பவுடர் தொழிற்சாலையில் எந்திரங்களைப் பழுது பார்த்துப் பிழைக்கிறேன். எந்திரம் கடிக்காது, உதைக்காது. ஆனால் தலையெழுத்தைப் பாருங்கள். ஊரில் தம்பி குதிரை வளர்க்கிறான். இங்கே என் மகள் தாரணியும் குதிரைப் பைத்தியம். நடுவில் நான்.

2

தாரணிக்குப் பதினைந்து வயது. ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்புக்குப் போகச் சொன்னால் தலைவலி வரும். அதே ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுக் கிழவியின் கொட்டிலில் மணிக்கணக்காகச் சாணி அள்ளுவாள். அங்கே பிஸ்கட் என்று ஒரு வயதான பழுப்புக் குதிரை. கிழவியால் இப்போது பார்த்துக்கொள்ள முடியாததால் பாதிக் குதிரை எங்கள் பொறுப்புக்கு வந்துவிட்டது. "பாதிக் குதிரைன்னா முன்பக்கமா பின்பக்கமா?" என்று என் மனைவி செல்வி கேட்டாள். முன்பக்கம் கடிக்கும், பின்பக்கம் உதைக்கும்.

பொறுப்பு வந்ததும் கூட்டத்துக்கும் போக வேண்டியதாயிற்று. ஊர்ப் பொதுக்கூடத்தில் குதிரைக்காரர்களை உட்கார வைத்து ஒரு அம்மாள் பாடம் எடுத்தார். தீயணைப்பில் இருந்தவர், தானும் குதிரை வளர்ப்பவர். அவர் சொன்னதெல்லாம் எனக்குக் கதை போலத்தான் இருந்தது. குதிரையின் உடம்பில் வீட்டுப் போன் நம்பரைப் பெயிண்டால் எழுதி வையுங்கள். நைலான் கடிவாளத்தைக் கழற்றிவிடுங்கள், சூட்டில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். வண்டியில் ஏறுவதற்கு இப்போதே பழக்குங்கள், தீ வரும் நாளில் எந்தக் குதிரையும் புதிதாகக் கற்றுக்கொள்ளாது.

பிறகு ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டார். எது நடந்தால் கிளம்புவீர்கள்? என் முறை வந்தபோது, "புகை தெரிந்ததும்" என்றேன். "புகை தெரிந்தபின் நீங்கள் கிளம்பினால் நாங்கள் உங்களைத் தேடித்தான் வர வேண்டியிருக்கும்" என்றார் அந்த அம்மாள், கோபம் இல்லாமல்.

கடைசியில் தன் வலது கையை உயர்த்திக் காட்டினார். இரண்டு விரல்கள் கோணலாக மடங்கியிருந்தன. குதிரையைப் பிடித்து நடத்தும்போது கயிறு வழுக்கிவிடும் என்று பயந்து கையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டாராம். குதிரை மிரண்டு ஓடியபோது கயிற்றோடு அவரும் போனார். "கயிற்றைக் கையில் சுற்றக் கூடாது. குதிரை போனால் போகட்டும் என்று விடத் தெரிந்தவர்தான் குதிரை வளர்க்க வேண்டும்" என்றார். பக்கத்தில் தாரணி அதைக் குறித்துக்கொண்டாள். நான் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

3

அந்தக் கூட்டத்துக்குப் பிறகுதான் விடுமுறைக்கு ஊருக்குப் போனோம். எனக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. புதிதாக ஒரு பயம் கிடைத்தால் அதைத் தனியாக வைத்துக்கொள்ள முடியாது, வீட்டில் எல்லாருக்கும் பங்கு கொடுத்துவிடுவேன்.

முருகேசனுக்குக் கொஞ்சம் கத்தரிக்காய், கொஞ்சம் தென்னை. அதோடு கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடும் தொழில். மாப்பிள்ளை அழைப்பு, பூப்பு விழா, கட்சி ஊர்வலம், எல்லாவற்றுக்கும் அவனுடைய வெள்ளைக் குதிரைதான். பெயர் மல்லிகா. மல்லிகைப் பூ பயிரிட்டு எடுத்த காசில் வாங்கியவள். மேளச் சத்தம் கேட்டால் நின்ற இடத்திலேயே கால் மாற்றிக் கால் மாற்றி ஆடுவாள். மேளக்காரர்கள் நகர்ந்தால் அவளும் ஆடிக்கொண்டே பின்னால் போவாள். பட்டாசு வெடித்தாலும் சரி, மேளம் ஒலிக்கும்வரை அவளுக்கு உலகத்தில் வேறு எதுவும் கேட்காது. எங்கள் ஊர்க் கல்யாணம் ஒன்றில் தாரணி அவள் கூடவே மெயின் ரோட்டு மண்டபம்வரை நடந்து, முழு ஊர்வலத்தையும் போனில் படம் பிடித்தாள். "குதிரைங்க, வாங்க" என்று தாரணி மல்லிகாவைக் கூப்பிட்டதைக் கேட்டு ஊரே சிரித்தது. சொந்தக்காரர்களிடம் மரியாதையாகப் பேச வேண்டும் என்று நாங்கள் சொல்லிச் சொல்லி, அவளுக்குத் தெரிந்த தமிழில் வா, போ என்பதே இல்லாமல் போய்விட்டது.

முருகேசனின் கொட்டில் ஒரு கண்மாய்க்குக் கீழே, பள்ளத்தில் இருந்தது. மலையில் மழை பிடித்தால் கண்மாய் பெருகும். கரை உடைந்தால் அந்தத் தெருவுக்குத்தான் முதலில் தண்ணீர். அதைப் பார்த்ததும் எனக்குத் தூக்கம் போனது.

"ஏலே, தண்ணி வந்தா இவளை எப்படிடா கொண்டு போவ?"

"வந்தாப் பாத்துக்கலாம்ணே. தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, முழம் என்ன."

"அந்தப் பேச்செல்லாம் வேணாம். பிளான் போடணும்."

"குதிரைக்குப் பிளானா? அண்ணே, நீ வெளிநாடு போயி நல்லாத்தான் தேறிட்ட."

நான் விடவில்லை. வெள்ளக் காலத்தில் கால்நடைகளை வெளியேற்றும் கணக்கில் மல்லிகாவைச் சேர்க்க ஒரு அலுவலகத்துக்குப் போனோம். மாடு, ஆடு, கோழிக்கெல்லாம் இடம் இருந்தது. குதிரைக்கு இல்லை. அங்கிருந்தவர் நல்ல மனுஷர். செத்த நேரம் யோசித்துவிட்டு, "இதரன்னு போட்டுக்குவோமா சார்?" என்றார். முருகேசன் வெளியே வந்து விழுந்து விழுந்து சிரித்தான். மல்லிகாவை அன்றைக்கு முழுக்க 'இதர' என்றுதான் கூப்பிட்டான்.

சரி, நாமே பார்த்துக்கொள்வோம் என்று இறங்கினேன். தெரிந்த ஒருவரின் குட்டியானை லாரியைப் பேசி வைத்தேன். பலகை சாய்த்து, வெல்லம் காட்டி மல்லிகாவை ஏற்றிப் பழக்கினோம். இரண்டே நாளில் வீட்டுக்குள் நுழைவது போல ஏற ஆரம்பித்தாள். கயிற்றைக் கையில் சுற்றாதே என்று முருகேசனுக்குப் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பேன்.

அதற்கு மேலும் ஒரு காரியம் செய்தேன். என்னோடு படித்த சாகுல் திண்டுக்கல்லில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கிறான். அந்தப் பக்கத்துக் கிராமங்களுக்கு வெள்ள அறிவிப்பு என்றால் அவனுடைய ஆட்டோவில்தான் ஒலிபெருக்கி கட்டிப் போகும். அவனைப் பார்த்து, "மாப்ள, எப்ப அறிவிப்பு வந்தாலும் மொத ஆளா என் தம்பி வாசலுக்குப் போயிரு. சத்தமா வை" என்று கேட்டுக்கொண்டேன். "இம்புட்டுத்தானே மாப்ள, அவன் வாசல்லயே நின்னு போடுறேன்" என்றான்.

எல்லாவற்றையும் ஒத்திகை பார்த்தோம். ஒலிபெருக்கியை மட்டும் போடவில்லை. சும்மா போட்டால் தெரு பயந்துவிடும் என்று நான்தான் வேண்டாம் என்றேன்.

4

அந்த ஞாயிற்றுக்கிழமை இங்கே மதியம். அனல் காற்று. பிஸ்கட்டை வண்டியில் ஏற்றிப் பழக்கிக்கொண்டிருந்தோம். தாரணி உள்ளே நின்று கூப்பிடுவாள், அது பலகையில் முன்கால் வைத்து யோசிக்கும். நான் எட்ட நின்று உற்சாகப்படுத்துவேன்.

போன் அடித்தது. முருகேசன், வீடியோவில். அங்கே காலை நேரம், ஆனால் சாயங்காலம் போல இருட்டிக் கிடந்தது. மழை கொட்டிக்கொண்டிருந்தது.

"அண்ணே, கண்மாய்க் கரையில தண்ணி கசியுதாம். எல்லாரையும் மேட்டுக்குப் போகச் சொல்லிட்டாங்க. பயப்படாத, வீட்ல இருக்கிறவங்களை நேத்தே திண்டுக்கல்லுக்கு அனுப்பிட்டேன். குட்டியானை வந்துருச்சு. சாகுலண்ணன் ஆட்டோவும் வருது, நீ சொன்ன மாதிரியே மொதல்ல நம்ம வாசலுக்கு."

அவன் முகத்தில் பெருமை. எனக்கும்தான். நம்ம பிளான் வேலை செய்கிறது என்று செல்வியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அப்போது அந்தச் சத்தம் கேட்டது. நையாண்டி மேளம். முழுச் சத்தத்தில்.

சாகுலின் பழக்கம் எனக்குத் தெரியாததில்லை. வெறும் அறிவிப்பைப் போட்டால் சனம் காது கொடுக்காது. ரேஷன் கடைச் செய்தியானாலும் முன்னால் கொஞ்சம் மேளம் போட்டால்தான் வாசலுக்கு வந்து நிற்கும். அதனால் மேளம், பிறகு அறிவிப்பு, மறுபடியும் மேளம் என்று பதிவு செய்து வைத்திருப்பான். ஊரில் எந்த அறிவிப்பு ஆட்டோவும் அப்படித்தான். தெரிந்துதான் இருந்தேன். மல்லிகாவின் வாசலில் நின்று அதைச் சத்தமாகப் போடு என்று சொல்லியும் வைத்தேன்.

"அண்ணே, ஏற மாட்டேங்கிறா. ஆடுறாண்ணே!"

போனைத் திருப்பினான். சாய்த்த பலகைக்கு முன்னால், சேற்றில், மழையில் மல்லிகா கால் மாற்றிக் கால் மாற்றி ஆடிக்கொண்டிருந்தாள். அவள் குளம்பைச் சுற்றிச் செம்மண் தண்ணீர் ஓடியது. வெல்லத்தை நீட்டினான், பார்க்கவில்லை. இழுத்தான், வரவில்லை.

"நிப்பாட்டச் சொல்லுடா! மேளத்தை நிப்பாட்டச் சொல்லு!"

சாகுல் நிறுத்தினான். அது இன்னும் மோசமானது. மேளம் நின்றதும்தான் மல்லிகாவுக்குத் தண்ணீர் தெரிந்தது, இடி கேட்டது. பின்னங்காலில் எழுந்து நின்றாள். பலகை சரிந்து விழுந்தது. லாரிக்காரர், "இன்னும் நின்னா ரோடு முங்கிரும்ப்பா, சனத்தையாவது ஏத்துறேன்" என்று கத்தினார். தெருவில் இருந்த வயசாளிகளையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

தண்ணீர் முருகேசனின் முழங்காலைத் தாண்டியிருந்தது.

"விட்டுட்டுக் கிளம்புடா. குதிரை போனாப் போகட்டும்டா, நீ கிளம்பு."

"அண்ணே, நீ அங்கேருந்து சொல்லிருவ. என்னால முடியாதுண்ணே."

"தம்பி, உன் காலைப் பிடிச்சுக் கேக்குறேன்டா."

அவன் கயிற்றை விடவில்லை. ஒரு மனுஷனுக்குத் தன் தம்பி சாவதைப் போனில் பார்க்க நேரும் என்று எந்தப் புத்தகத்திலும் எழுதவில்லை.

தாரணி என் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள்.

"சித்தப்பா, மியூசிக் போடச் சொல்லுங்க. ஆட்டோ முன்னாடி போகணும், மெதுவா, மெதுவா. கல்யாணத்துல போனோமில்ல, அது மாதிரி."

முருகேசன் ஒரு கணம் போனையே பார்த்தான். பிறகு திரும்பி, "சாகுலண்ணே! மேளத்தைப் போடு! மண்டபத்துக்கு ஓட்டு, மெல்ல ஓட்டு!" என்று அலறினான்.

மேளம் ஒலித்தது. மல்லிகாவின் முன்கால் இறங்கியது. ஆட ஆரம்பித்தாள். ஆட்டோ ஒரு அடி நகர்ந்தது, அவள் நகரவில்லை. தாரணி போனை வாயருகே வைத்துக்கொண்டு, "மல்லிகா வாங்க. வாங்க மல்லிகா, மெதுவா வாங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அவ்வளவு சத்தத்தில் அது கேட்டிருக்குமா, தெரியாது. ஆட்டோ இன்னும் ஒரு அடி நகர்ந்தது. அவளும் நகர்ந்தாள்.

அதோடு படம் நின்றுவிட்டது.

5

அப்புறம் அந்த மதியம் எப்படிப் போனது என்று எழுத வரவில்லை. முருகேசன் போன் அணைந்திருந்தது. சாகுலுக்கு மணி அடித்தது, எடுக்கவில்லை. செல்வி பழனி ஆண்டவருக்கு முடிகாணிக்கை நேர்ந்துகொண்டாள், என் தலையை. தாரணி பிஸ்கட்டின் கழுத்தில் சாய்ந்து நின்றுகொண்டு, கல்யாண ஊர்வலப் படத்தைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்தாள். அந்த மேளம் எங்கள் முற்றத்தில் ஒலித்துக்கொண்டே இருந்தது. நிறுத்தச் சொல்லவும் பயம். நிறுத்தினால் அங்கேயும் நின்றுவிடும் என்பது போல ஒரு கிறுக்குத்தனம் மனதில்.

வெயில் சாய்ந்தபிறகு சாகுல் கூப்பிட்டான்.

"மாப்ள, உசுரோட இருக்கோம்."

நான் முற்றத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். அவன்தான் சொன்னான். மண்டபம் மெயின் ரோட்டு மேட்டில் இருக்கிறது. ஆட்டோ முன்னால், மல்லிகா பின்னால். குதிரை வருவதைப் பார்த்ததும் வீட்டைவிட்டு வர மாட்டேன் என்றிருந்தவர்கள்கூட இறங்கிப் பின்னால் நடந்தார்களாம். கையில் குடை, பாத்திரம், ஆட்டுக்குட்டி. "கல்யாண ஊர்வலம் தோத்துச்சு மாப்ள. ஒரு எடத்துல தண்ணி இடுப்பு வரைக்கும். இன்ஜின் நின்னு போச்சு. ஆனா மைக் செட்டு நிக்கல, அல்லா காப்பாத்துனான். நாலு பேரு ஆட்டோவத் தள்ளிக்கிட்டுப் போனோம்." மண்டப வாசலில், எப்போதும் மாப்பிள்ளை இறங்கும் இடத்தில், மல்லிகா தானாக நின்றாளாம். அதற்குப் பிறகுதான் கரை உடைந்தது. கொட்டில் இருந்த இடத்தில் இப்போது தண்ணீர்தான்.

முருகேசன் பேசினான். குரல் கம்மியிருந்தது.

"அண்ணே, சாப்டியா?"

நான் அழுதுவிட்டேன். திட்ட வேண்டும் என்று வைத்திருந்த வார்த்தை ஒன்றும் வரவில்லை. வீடியோவில் வா என்றேன். வந்தான். வலது மணிக்கட்டில் துணி சுற்றியிருந்தது, ரத்தம் ஊறியிருந்தது.

"அது என்னடா?"

"ஒண்ணுமில்லண்ணே."

"என்னான்னு கேக்குறேன்."

"கயிறு அறுத்திருச்சு. மழையில வழுக்குச்சுண்ணே, கையில ரெண்டு சுத்துச் சுத்திக்கிட்டேன்."

"அவ மிரண்டிருந்தா நீயும் போயிருப்ப. தெரியுமா?"

"தெரியும்ணே. தெரிஞ்சுதான் சுத்துனேன். அவளைத் தனியா விட மனசு வரல, அம்புட்டுத்தான்." பிறகு சிரிக்கப் பார்த்தான். "பாப்பாவைக் கூப்பிடு. சித்தப்பன் கும்புட்டேன்னு சொல்லு."

தாரணி என் தோளுக்குப் பின்னால்தான் நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

6

முருகேசன் இப்போது மேட்டில் கொட்டில் போட்டிருக்கிறான். சாகுல் அந்தத் தெருவுக்கு மட்டும் மேளம் இல்லாமல் அறிவிப்பு வைத்திருக்கிறான். மல்லிகாவுக்கு இந்த வருஷம் முன்பைவிடக் கிராக்கி. வெள்ளத்தில் ஆடிய குதிரை என்று தேடி வந்து கேட்கிறார்களாம்.

நான்தான் தேறவில்லை. ஊரிலிருந்து போன் வந்தால் எடுப்பதற்கு முன் அங்கே மழையா என்று பார்க்கிறேன். இங்கே காற்று அடித்தால் வெளியே வந்து வானத்தின் ஓரத்தைப் பார்க்கிறேன். இரண்டு நாட்டுக்கும் சேர்த்துப் பயப்பட ஒரு உடம்பு போதவில்லை. எங்கள் சொந்தக்காரர்கள் எல்லாரும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "தாரணிக்கு நம்ம பழக்கவழக்கம் எதுவும் ஒட்டவே இல்லையோ?" தமிழ் வராது, சோற்றுக்கு வெஞ்சனம் வேண்டாம் என்பாள், முறை சொல்லிக் கூப்பிடத் தெரியாது. நம் குடும்பத்துச் சாயல் ஒன்றுகூட அவளிடம் இல்லை என்று நானும் சொல்லிப் புலம்பியிருக்கிறேன்.

நேற்றுச் சாயங்காலம் இந்த வருஷத்து ஒத்திகையைத் தொடங்கினோம். வடக்கே எங்கேயோ தொலைவில் தீ என்று ரேடியோ சொன்னது, எங்களுக்கு ஆபத்தில்லை. ஆனாலும் புகை வாசனை லேசாக வந்தது. பிஸ்கட்டுக்கு அது பிடிக்கவில்லை, காதை மடக்கிக்கொண்டு பலகைக்கு முன்னால் நின்றது. தாரணி அதோடு மெல்லப் பேசிக்கொண்டிருந்தாள். நான் வழக்கம்போல எட்ட நின்றேன்.

அப்போதுதான் பார்த்தேன். கயிறு அவள் மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது.

ஓடினேன். சின்ன வயதுக்குப் பிறகு குதிரைக்கு இவ்வளவு பக்கத்தில் நான் போனதே கிடையாது. அவள் கையைப் பிடித்துக் கயிற்றை அவிழ்த்தேன். "என்ன சொன்னாங்க கூட்டத்துல? நீதானே எழுதிக்கிட்ட?"

"தெரியும்பா" என்றாள் தாரணி. தப்புச் செய்து மாட்டிக்கொண்ட முகம் இல்லை அது. மண்டபத்து வாசலில் ரத்தத் துணியோடு நின்ற என் தம்பியின் முகத்தை நான் ஒரு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், எனக்கு அடையாளம் தெரியும்.

கயிற்றை அவள் உள்ளங்கையில் வைத்து, சுற்றாமல் பிடிக்கச் சொல்லிவிட்டுப் பழைய இடத்துக்கு நடந்தேன். திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.